ரத்த குரூப் அட்டையில் ஒரு குரங்கு

டெல்லிக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே தங்கமணிக்கு ஒன்று புரிந்துவிட்டது: இங்கே மொட்டை மாடியில் வடாம் காயப்போட முடியாது. நம்ம ஊர்க் குரங்குக்கு நீளமான வால், நடுவகிடு எடுத்துச் சீவினாற்போலத் தலை. பார்த்தாலே சொந்தக்காரர் மாதிரி இருக்கும். இங்கே இருப்பது ரீசஸ். குட்டை வால், சிவந்த முகம், ஃபிரிட்ஜைத் திறக்கும் துணிச்சல்.

போன மாதம் மகள் பள்ளியில் ரத்த குரூப் அட்டை கேட்டார்கள். "ஓ பாசிட்டிவ். அதென்னப்பா பாசிட்டிவ்?" என்றாள். ஆர்ஹெச் என்பது ரீசஸின் சுருக்கம், 1940-இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் அந்தக் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த சோதனையில் வந்த பெயர் என்றேன். "நம்ம பால்கனில வந்து உட்காருதே, அதுவா?" அதேதான். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொல்வதற்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், படித்து முடித்தபோது அவளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நமக்குத் தெரிந்த போலியோ தடுப்பூசியிலிருந்தே தொடங்கலாம். 1955-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சால்க் தடுப்பூசிக்கான வைரஸைக் குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான் வளர்த்தார்கள். அந்தக் குரங்கு எங்கிருந்து வரும்? வட இந்தியக் கிராமங்களிலிருந்து. ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேல் இங்கிருந்து விமானம் ஏறின. என் மாமா ஒருவர் போலியோவில் கால் சூம்பிப்போனவர். அதனால் அந்தத் தடுப்பூசியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவை போன விதம் வேறு கதை.

1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில், மாற்று விமானத்துக்காக ஒரு வேனுக்குள் அடைத்து வைத்திருந்த 394 குரங்குகள் மூச்சுத் திணறிச் செத்தன. இங்கே பெரிய கொந்தளிப்பு. அந்த ஆண்டே அரசு ஏற்றுமதியைச் சில நாள் நிறுத்தியது. பிறகு மருத்துவ ஆராய்ச்சிக்கும் தடுப்பூசிக்கும் மட்டும்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்ப அனுமதித்தது. இதே காலத்தில் மாநிலங்களவையில் விலங்குகளுக்காகப் போராடிக்கொண்டிருந்தவர் நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா என்றால் பரதநாட்டியம்தான் நமக்கு ஞாபகம் வரும். 1953-இல் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி சொன்னபின் அதைத் திரும்பப் பெற்றவர் அவர். 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

சரி, போய்ச் சேர்ந்த குரங்குகள் எப்படி இருந்தன? ரீசஸ் கூட்டத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீடுதான் கடைசிவரை வீடு. பாட்டி, அம்மா, பெண், பேத்தி எல்லாரும் ஒன்றாக இருந்து பேன் பார்த்துக்கொள்வார்கள். வயது வந்ததும் கூட்டத்தை விட்டு வெளியூர் போவது ஆண் (நம்மை மாதிரி!). இப்படிப்பட்ட பிராணியைத் தனித்தனி இரும்புக் கூண்டில் வைத்தார்கள். நோய் தொற்றாது, சண்டை வராது, கழுவ வசதி என்று காரணம். 10 கிலோ வரை எடையுள்ள ரீசஸுக்கு அமெரிக்க விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 4.3 சதுர அடித் தரை, 30 அங்குல உயரம். நம் பால்கனியில் வாஷிங் மெஷின் நிற்கும் இடம், அவ்வளவுதான்.

தனிமை என்ன செய்யும் என்பதை விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ காட்டினார். பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியால் ஒரு பொம்மைத் தாய், துணி சுற்றிய ஒரு பொம்மைத் தாய் என்று இரண்டை வைத்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டி துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தது. இது 1958-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு அவர் செய்தவைதான் வயிற்றைப் பிசைகின்றன. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முழுத் தனிமையில் வளர்ந்தவை தன்னையே கடித்துக்கொண்டன, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் சுவோமியும் அவரும் ஒன்றைக் கண்டார்கள். இப்படிச் சிதைந்தவற்றோடு மூன்று மாதக் குட்டிகளைப் பழகவிட்டால், குட்டிகள் போய் ஒட்டிக்கொள்ள, மெல்ல அவையும் தேறின. ஒரு குரங்குக்கு இன்னொரு குரங்கு வேண்டும். இதைச் சொல்ல இத்தனை குட்டிகளை வதைக்க வேண்டுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது.

1978 ஏப்ரலில் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை ஒரேயடியாக நிறுத்தியது. மருத்துவத்துக்கென்று வாங்கிய குரங்குகளை அமெரிக்க ராணுவத்தின் கதிர்வீச்சுச் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது வெளியே வந்ததுதான் காரணம். (ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவராகச் சொல்லி மொரார்ஜி கேட்டதும், அவர் மறுத்ததும் அதற்கு முந்தைய ஆண்டுக் கதை.)

அமெரிக்கச் சட்டம் குரங்கின் மனநலத்தைப் பற்றிப் பேச 1985 ஆனது. அதன் விதிகள் வர 1991. இடையில் அதே விஸ்கான்சினில் விக்டர் ரைன்ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர், வருடக்கணக்காகத் தனியாக இருந்த பெரிய குரங்குகளை ஜோடி சேர்க்க முயன்றார். கிழித்துப் போட்டுக்கொள்ளும் என்றார்கள். அவர் முதலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தடுப்பு வழியாகப் பார்த்துப் பழகவிட்டு, யார் பெரியவர் என்று அவையே முடிவு செய்த பிறகு ஒன்றாக விட்டார். பெரும்பாலானவை ஒத்துப்போயின. கடிக்க மரக்கிளைத் துண்டு, உயரத்தில் உட்கார பிளாஸ்டிக் குழாய் என்று சில்லறைச் செலவில் அவர் சேர்த்ததெல்லாம் பிற்பாடு பல கூடங்களுக்குப் போயிற்று.

மகளிடம் நான் சொன்னது வேறு ஒரு கூட்டத்தின் கதை. 1938-இல் கார்ப்பென்டர் என்ற ஆய்வாளர் லக்னோ பக்கத்தில் பிடித்தவற்றைக் கல்கத்தாவில் கப்பலேற்றிப் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பக்கத்தில் கயோ சாந்தியாகோ என்ற 15 ஹெக்டேர் தீவில் 409 குரங்குகளை அவிழ்த்துவிட்டார். அங்கே கூண்டு கிடையாது, கடல்தான் வேலி. பாட்டி, பேத்தி என்று குடும்பமாகவே பெருகின. 2017-இல் மரியா புயல் தீவின் மரங்களைப் பெருமளவு அழித்தது. வெயில் தாங்காத குரங்குகள், முன்பு பக்கத்தில் வந்தாலே பல்லைக் காட்டியவை, மிச்சமிருந்த கொஞ்ச நிழலில் நெருக்கி உட்கார்ந்துகொண்டன. அப்படி இடம் கொடுத்தவைதான் அதிகம் பிழைத்தன என்று 2024-இல் எழுதியிருக்கிறார்கள்.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதுங்களுக்கு இன்னும் இந்தி தெரியுமாப்பா?" என்றாள்.