ஊட்டச்சத்துத் துணைப்பொருட்களும் ஆட்டிசமும்: விலங்கு ஆய்வுகள்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தை ஒத்த நடத்தைகள் தாதுக்கள், அமினோ அமிலங்கள், தாவரச் சேர்மங்கள் ஆகியவற்றால் மாறுகின்றனவா என்று எலிகளிலும் சுண்டெலிகளிலும் சோதிப்பவை இவ்வாய்வுகள்.

மாதிரிகள்: ஆட்டிசத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவைச் சுண்டெலியில் முடக்குவது ஒரு முறை. கருவுற்ற எலிக்கு வலிப்பு மருந்தான வால்ப்ராயிக் அமிலத்தைச் செலுத்துவது மற்றொன்று. குட்டிகள் மூன்று அறைப் பெட்டியில் இன்னொரு எலியை நாடுகின்றனவா, ஓயாமல் உடலை நக்கிக்கொள்கின்றனவா என்பவை அளக்கப்படும்.

முடிவுகள்: நரம்பிணைப்புகளைத் தாங்கும் ஷாங்க்3 புரதம் நிலைபெறத் துத்தநாகம் உதவுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகக் குழு 2018இல், இப்புரதத்துக்கான மரபணு பழுதான சுண்டெலிகளின் உணவில் துத்தநாகத்தைப் பத்து லட்சத்துக்கு 30 பங்கிலிருந்து 150 பங்காக உயர்த்தியது; மிகையாக நக்கிக்கொள்வதும் பதற்றமும் குறைந்தன. துத்தநாகம், செரின், கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் ஆகியவற்றைக் குறைந்த அளவில் கலந்து கொடுத்தபோது, வெவ்வேறு மரபணு மாதிரிகளிலும் சமூக நடத்தை மேம்பட்டதாகத் தைவானின் அகாடமியா சினிகா 2025இல் தெரிவித்தது.

இந்தியாவில்: சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசத்தை ஒத்த நடத்தைகளை உண்டாக்க மூளையில் புரோப்பியோனிக் அமிலம் செலுத்தப்பட்ட எலிகளுக்கு மஞ்சளிலுள்ள குர்குமினைக் கொடுத்து, நடத்தைக் குறைகள் தணிந்ததாக 2015இல் எழுதினர். இந்தியாவில் இத்தகைய சோதனைகளை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து அதற்கு வழிவகுத்தவர் அடையாறு கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்.

வரம்புகள்: ஆய்வுக்கூடச் சுண்டெலிகளுக்குப் பழுது ஒன்றே, உணவும் ஒன்றே, குழந்தைகளிடமோ ஆட்டிசத்தின் காரணங்கள் பலவாறானவை. ஒரு மரபணுப் பழுதை ஈடுசெய்யும் சத்து, அப்பழுது இல்லாதவருக்கும் பயன்படும் என்று கொள்ள இயலாது. ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் குறித்த மனித ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பலனுக்கு உறுதியான சான்றில்லை என்றது. மிகையான துத்தநாகம் செம்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சென்னை கோட்டூர்புரத்தில் இயங்கும், 1985இல் தொடங்கப்பட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் போன்ற மையங்கள் அளிக்கும் பயிற்சிகளுக்கு மாற்றாக எந்தச் சத்து மாத்திரையும் நிறுவப்படவில்லை.