தோல்வி காணாத பென்ஃபிக்காவும் தோற்றுக்கொண்டிருந்த பேரரசும்

பத்திரிகை அலுவலகத்தில் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்த நாட்களில், பழைய புள்ளி அட்டவணைகளைப் புரட்டிப் பார்ப்பது எனக்கொரு வழக்கம். அவ்வாறு கண்ணில் பட்டதுதான் 1972-73 ஆம் ஆண்டுப் போர்த்துக்கல் முதற்பிரிவு லீக்கின் அட்டவணை. லிஸ்பன் நகரின் பென்ஃபிக்கா கழகம் 30 ஆட்டங்களில் 28 வெற்றி, 2 சமநிலை. தோல்வி என்ற நிரலில் பூச்சியம். அடித்த கோல்கள் 101, வாங்கியவை 13. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் வழங்கப்பட்ட அக்காலத்தில் அது பெற்றது 58 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற பெலனென்சஸ் கழகம் 18 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. போர்த்துக்கல் லீக்கில் ஓர் அணி தோல்வியே காணாமல் பருவகாலத்தை நிறைவு செய்தது அதுவே முதற்தடவை.

அந்த அணியின் பயிற்றுநர் ஜிம்மி ஹேகன் என்ற ஆங்கிலேயர். கடுமையான உடற்பயிற்சிக்கும் கண்டிப்புக்கும் பெயர் பெற்றவர். அவரது காலத்தில் பென்ஃபிக்கா தொடர்ந்து மூன்று முறை சம்பியனானது. 1972-73 இல் மட்டும் அணி தொடர்ச்சியாக 23 ஆட்டங்களில் வென்றது. சிமொயெஸ், உம்பேர்ட்டோ கொயெல்யோ, டோனி, நெனே, அங்கோலாவில் பிறந்த ஜோர்தாவோ எனத் திறமைசாலிகள் பலர் இருந்தனர். இவர்கள் யாவருக்கும் மேலாக நின்றவர் யூசேபியோ. முழங்காலில் பலமுறை சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்த அந்த 31 வயது வீரர் 40 கோல்களை அடித்து, ஐரோப்பாவின் தங்கப் பாதணி விருதையும் வென்றார்.

எனினும் அட்டவணை எல்லாவற்றையும் சொல்வதில்லை.

வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பதில்லை என்பது பென்ஃபிக்கா பெருமையுடன் பேணிவந்த விதி. போர்த்துக்கேயர் மட்டுமே அதன் சீருடையை அணியலாம். அப்படியானால் மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கெஸ் நகரில், இன்றைய மபுட்டோவில், பிறந்த யூசேபியோ எவ்வாறு இடம்பெற்றார்? விடை லிஸ்பன் அரசின் கொள்கையில் இருந்தது. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளை 1951 முதல் 'கடல் கடந்த மாகாணங்கள்' என்றே அது அழைத்து வந்தது. ஆனால் யூசேபியோ லிஸ்பனில் வந்திறங்கிய 1960 டிசெம்பரில், மொசாம்பிக்கின் ஆபிரிக்கர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் போர்த்துக்கேயக் குடியுரிமை கிடையாது. அவர்களைச் 'சுதேசிகள்' என ஒதுக்கிவைத்த சட்டம் 1961 இலேயே நீக்கப்பட்டது.

1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, நாற்பது ஆண்டுகளுக்குள் அதை ஒல்லாந்தரிடம் இழந்த அதே போர்த்துக்கல், ஆபிரிக்காவில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகள் வரை பிடியைத் தளர்த்த மறுத்தது. அங்கோலாவில் 1961 இலும், கினியாவில் 1963 இலும், மொசாம்பிக்கில் 1964 இலும் விடுதலைப் போர்கள் வெடித்தன.

பென்ஃபிக்கா வென்றுகொண்டிருந்த அதே பருவகாலத்தின் நடுவே, 1972 டிசெம்பர் 16 அன்று, மொசாம்பிக்கின் தெற்றே மாகாணத்து விரியாமு கிராமத்திலும் அயற்கிராமங்களிலும் போர்த்துக்கேயப் படையினர் பொதுமக்களைக் கொன்று குவித்தனர். இறந்தோர் தொகை ஏறத்தாழ 400 என மதிப்பிடப்படுகிறது. 1973 ஜனவரி 20 அன்று கினியா விடுதலை இயக்கத் தலைவர் அமில்கார் கப்ரால் கொனாக்ரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தணிக்கை நிலவிய போர்த்துக்கலில் கோல்கள் விரிவாகப் பேசப்பட்டன, விரியாமு பேசப்படவில்லை. பருவகாலம் முடிந்த பின்னர், 1973 ஜூலையில் லண்டன் 'த டைம்ஸ்' பத்திரிகையே அச்செய்தியை உலகறியச் செய்தது.

இதற்காகப் பென்ஃபிக்காவை ஆட்சியாளரின் கழகமென எழுதிவிடுவது நியாயமன்று. சர்வாதிகார காலத்திலும் தன் தலைவர்களை அங்கத்தவர் வாக்கினால் தெரிவுசெய்த கழகம் அது. யூசேபியோவும் அரசியல் பேசியவர் அல்லர். ஆயினும் மொசாம்பிக்கின் மைந்தனொருவன் போர்த்துக்கலுக்காகக் கோலடிக்கும் காட்சி, 'நாம் அனைவரும் ஒரே தேசத்தவர்' என்ற அரசின் வாதத்துக்குப் பெரிதும் பயன்பட்டது என்பதை மறுக்கவியலாது.

பின்னர் யாவும் விரைந்து நிகழ்ந்தன. 1973 செப்டெம்பரில் ஹேகன் நிர்வாகத்துடன் முரண்பட்டு விலகினார். 1974 இல் சம்பியன் பட்டம் ஸ்போர்ட்டிங் கழகத்துக்குப் போயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 25 அன்று, குடியேற்றப் போர்களால் சலிப்புற்ற இராணுவ அதிகாரிகளே ஆட்சியைக் கவிழ்த்தனர். 1975 ஜூன் 25 அன்று மொசாம்பிக் சுதந்திரமடைந்தது. பேரரசு மறைந்ததும் பென்ஃபிக்காவின் விதியும் பொருளிழந்தது. எழுபதுகளின் இறுதியில் அது கைவிடப்பட்டது.

1977-78 இலும் பென்ஃபிக்கா ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. ஆனால் புள்ளிகள் சமமாக, கோல் வித்தியாசத்தில் பட்டம் போர்ட்டோ கழகத்துக்குச் சென்றது. தோல்வியின்றிப் பட்டத்தை இழந்த அந்த அணியை இன்று நினைப்பவர் சிலரே. 1972-73 ஆம் ஆண்டு அணியையோ, 2014 இல் யூசேபியோ மறைந்தபோது போர்த்துக்கல் மட்டுமன்றி மொசாம்பிக்கும் நினைவுகூர்ந்தது. இரு தேசங்களும் அவரைத் தம்மவர் என்றே உரிமை கோரின. இரண்டும் சொன்னது உண்மையே.