மால்கம் - ஒரு பெயரின் கதை

திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு படியிறங்கும் பக்தருக்கும் மால்கம் என்ற பெயருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

கேட்டவுடன் இது இங்கிலீஷ் பெயர் என்றுதான் தோன்றும். உண்மையில் இது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர். மூல வடிவம் 'மாயில் கொலும்'. மாயில் என்றால் மொட்டைத்தலை. துறவிகள் தலையை மழித்ததால் அச்சொல்லுக்கு அடியார் என்ற பொருளும் வந்தது. கொலும் என்பது புனிதர் கொலும்பா. கி.பி. 563-ல் அயர்லாந்திலிருந்து வந்து, ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் அமைத்தவர். ஆக, மால்கம் என்றால் கொலும்பாவின் அடியார். நம்மூர் முருகதாஸ், ஏசுதாஸ் மாதிரிதான்.

ஸ்காட்லாந்து அரசர்கள் நால்வருக்கு இந்தப் பெயர் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் வரும் மால்கம், 1058 முதல் 1093 வரை ஆண்ட மூன்றாம் மால்கம்.

பிறகு பெயர் கடல் தாண்டியது. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், 376 டெஸ்ட் விக்கெட் எடுத்த பார்படாஸ்காரர் மால்கம் மார்ஷல் என்று பல ஊர்களுக்குப் போனது. தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1910-ல் வேலூரில் பிறந்த பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யா, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. அவர் பெயரில் அயர்லாந்துப் புனிதரும் பெருமாளின் பாம்பணையும் பக்கத்தில் பக்கத்தில்!

பெயர் பரவியது, ஆனால் மொழி சுருங்கியது. ஸ்காட்லாந்தில் 1891-ல் கேலிக் பேசியவர்கள் 2.5 லட்சத்துக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் சுமார் 57,000 பேர்தான். பேச ஆள் குறைந்தால் பெயர் வெறும் சத்தமாகிவிடும். உங்கள் பெயருக்கு என்ன பொருள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு வையுங்கள்.