இரண்டு விசிறிகள்

தேவாலயத்துக் குழாய் ஆர்கனையும், ஹாப்ட்வெர்க் மென்பொருளைக் கொண்டு வீட்டில் அமைக்கும் டிஜிட்டல் ஆர்கனையும் ஒலியை வைத்தே ஒப்பிடுவது வழக்கம். இரண்டும் எப்படி மௌனம் காக்கின்றன என்று பார்த்தால் உறவு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. அங்கே ஓர் ஊதுவிசிறி. இங்கே கன்சோலுக்குள் கணினியின் குளிர்விசிறி. முன்னது தள்ளும் காற்றில்தான் இசை பிறக்கிறது. பின்னது தள்ளும் காற்றுக்கு இசையில் இடமே இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் இட்ட கட்டளை ஒன்றே: காற்றைத் தள்ளு, காதில் விழாதே.

அடக்கும் வழிகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஆர்கன் கட்டுபவர் ஊதுவிசிறியை நிலவறையிலோ, உட்புறம் ஒலியுறிஞ்சி ஒட்டிய பெட்டியிலோ வைக்கிறார். கணினி பொருத்துபவருக்குக் கன்சோலின் மரக்கூடே அந்தப் பெட்டி. முன்னவர் நிமிடத்துக்குச் சுமார் 2,800 முறை சுழலும் மோட்டாரை விட்டு 1,400 முறை சுழல்வதை விரும்புகிறார். பின்னவர் 80 மி.மீ. விசிறியை விட்டு, நிதானமாகச் சுழலும் 140 மி.மீ. விசிறியை நாடுகிறார். அதிர்வு பரவாதிருக்க அங்கே காற்றுக்குழாயின் இணைப்பில் தடித்த துணி. இங்கே விசிறியைத் தாங்கும் ரப்பர்.

அளவு மீறி அடைத்தால் இரண்டும் பழிவாங்கும். குளிர்ந்த நிலவறைக் காற்றை இழுக்கும் ஊதுவிசிறி சுருதியைக் கெடுக்கும். ஒரு பாகை செல்சியஸ் மாறினாலே நாக்கில்லாத ஃப்ளூ குழாய்கள் ஏறத்தாழ 3 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) நகர்ந்துவிடும், நாக்குக் குழாய்களோ பெரிதும் நகராமல் நிற்கும். காற்றோட்டமில்லாத கன்சோலில் சூடேறும் செயலியோ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒலி வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாப்புகள் எல்லாம் திறந்த பேரொலியில் சுரங்கள் வெடித்து அறுபடும்.

வேற்றுமை சுழலும் தன்மையில் இருக்கிறது. ஊதுவிசிறி வழிபாடு முடியும்வரை ஒரே வேகத்தில் சுழல்வதால் காது அதை மறந்துவிடுகிறது. கணினி விசிறி வெப்பத்துக்கேற்ப ஏறி இறங்குவதால் மறக்க விடுவதில்லை. கடைசிச் சுரக்கட்டின் எதிரொலி கரையும் நேரத்தில், முந்தைய உழைப்பின் சூட்டில் அது இன்னும் இரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் அதை ஒரே தாழ்ந்த வேகத்தில் கட்டிப்போடுகிறார்கள். மூத்த விசிறியின் ஒழுக்கம் இளையதற்கும் வந்து சேர்கிறது.

வியப்பு இனிதான். உண்மையான ஆர்கன்களிலிருந்து பதிவுசெய்த ஒலித்தொகுப்புகள் பலவற்றில், ஊதுவிசிறியின் முனகலும் தனி ஸ்டாப்பாக இடம்பெறுகிறது. ரப்பரும் நுரைத்தகடும் வாங்கி ஒரு விசிறியை ஊமையாக்கியவர், வாசிக்க உட்கார்ந்ததும் அந்த ஸ்டாப்பை இழுத்து, மற்றொன்றின் ஓசையை ஒலிபெருக்கி வழியே அறைக்குள் அழைக்கிறார். முதல் சுரத்துக்கு முந்தைய தேவாலய அமைதி வெறுமையானதன்று. காற்று நிரம்பிக் காத்திருக்கும் அமைதி அது. கணினி விசிறியை இத்தனை பாடுபட்டு அடக்குவதே அந்த முனகல் காதில் விழத்தான் என்று தோன்றுகிறது.