201: பழுதின் முகவரி

1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினியின் முதல் வகைத் தாய்ப்பலகை, 64 கிலோபைட் வரை நினைவகம் ஏற்றது. வரிசைக்கு 9 வீதம் நான்கு வரிசைகளில் 36 சில்லுகள். ஒவ்வொரு வரிசையிலும் எட்டு தரவுக்கு, ஒன்று பாரிட்டி சோதனைக்கு. மின்சாரம் பாய்ந்ததும் பயாஸ் ஒவ்வொரு முகவரியிலும் சில எண்களை எழுதித் திரும்பப் படிக்கும். எழுதியதும் படித்ததும் மாறுபட்டால், அந்த வேறுபாடே பிழைக்குறியாகத் திரைக்கு வரும்.

‘0804 201’ என்று தோன்றினால், 201 நினைவகப் பழுதைக் குறிக்கும். 08 மூன்றாம் வரிசை. 04 அதன் மூன்றாம் பிட். முப்பத்தாறில் எதைப் பிடுங்கி மாற்றவேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. முதல் வரிசை பழுதானால் மட்டும் திரை இருண்டே கிடக்கும். பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்ததும் அந்த வரிசைதான். மாற்றக் கடினமான இடத்தில்தான் இயந்திரம் ஊமையானது.

ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியிருந்ததால், 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கைக்குப் பின் இங்கே பரவியவை பெரிதும் அதன் நகல் கணினிகளே. அவ்வகைக் கணினிகள் பலவற்றில் இடம்பெற்றது, எஸ். சங்கர் உள்ளிட்டோர் 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் பயாஸ். அதில் மூன்று பீப் ஒலித்தால் முதல் 64 கிலோபைட்டில் பழுது என்று பொருள். எந்தச் சில்லு என்பதற்கு விடையில்லை. இதைப் பின்னடைவு என்பது பொருந்தாது. சில்லுகள் சிறு அட்டைகளில் ஏறிவிட்ட பின், அட்டையையே மாற்றுபவருக்குப் பிட்டின் எண் எதற்கு?

துல்லியம் வேறு வழியில் திரும்பியது. கேரளம் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம் போன்ற தமிழ்வழி மாணவர் மிகுந்த எல்லைப்பகுதிகள் உட்பட, அரசுப்பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுசென்றது. பின்னாளில் அதன் அடித்தளம் உபுண்டு ஆனது. உபுண்டுவின் தொடக்கப் பட்டியலில் நெடுங்காலம் இருந்த மெம்டெஸ்ட், பழுதான முகவரியையும் பிட்டையும் 1981இன் அதே ஒப்பீட்டு முறையில் காட்டியது. இம்முறை அந்த எண் சில்லைப் பிடுங்க அல்ல. அதை கிரப் ஏற்றியிடம் கொடுத்தால், பழுதான முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு லினக்ஸைத் துவக்கும். புதிய அட்டை வாங்கப் பணம் வரும்வரை பழைய கணினி ஓடும்.