மியாவ்: பெயரும் மக்களும்

தென் சீனத்தின் குய்சோ, ஹுனான், யுன்னான் மாநிலங்களின் மலைச்சரிவுகளில் பெருமளவில் வாழும் மக்களைச் சீன அரசு மியாவ் என்று பதிந்து வைத்திருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி சீனாவில் இவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர். வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளிலும், 1975க்குப் பின் அமெரிக்கா, பிரான்ஸ், பிரெஞ்சு கயானாவிலும் இவர்களில் ஒரு கிளையினர் குடியேறியுள்ளனர். அந்தப் பெயரைக் குறிக்கும் சீன எழுத்தில் மேலே புல், கீழே வயல், பொருள், நாற்று. அழகான பெயர்தான், ஆனால் அதை இட்டவர்கள் இவர்கள் அல்லர். மேற்கே இருப்பவர் தம்மை ஹ்மோங் என்பர். தென்கிழக்குக் குய்சோவில் ஹ்மு. மேற்கு ஹுனானில் கோ ஷொங். வடமேற்குக் குய்சோவில் ஆ-ஹ்மாவ். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. ஆகவே மியாவ் என்ற இனத்தை ஒரே மொழியோ ஒரே மரபோ ஈன்றதாகக் கொள்வது கடினம். பேரரசுகள் வெளியிலிருந்து கட்டிய வேலி அது. உள்ளே அகப்பட்டவர்களில் சிலர் பின்னாளில் அதையே தம் வீட்டுச் சுவராக ஆக்கிக்கொண்டார்கள்.

பெயர் மிகப் பழையது என்பதே இதற்கு முதல் மறுப்பாக வரும். சீனத்தின் தொன்மையான ஆவணத் தொகுப்பான ஷாங்சூ 'மூன்று மியாவ்' என்ற பகைக்குடியைக் குறிப்பிடுகிறது. மஞ்சள் பேரரசரிடம் தோற்ற சீயூவே தம் முதல்வன் என்று இன்றைய மியாவ் அறிஞர் பலரும் கொண்டாடுகின்றனர். 1990களில் ஹெபெய் மாநிலத்தில் எழுந்த நினைவு மண்டபத்தில் சீன மரபின் மூதாதையருள் ஒருவராக அவருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் பெயர் நீடித்தால் மக்களும் நீடித்ததாகிவிடாது. ஹான் காலம் தொடங்கிப் பல நூற்றாண்டுகளுக்குச் சீன ஏடுகள் தெற்கத்தியரைப் பெரும்பாலும் 'மான்' என்ற பொதுச் சொல்லிலேயே அடைத்தன. மியாவ் என்ற சொல் மீண்டும் பெருவழக்காவது சொங் காலத்துக்குப் பிறகு. இடையில் கிடக்கும் ஆயிரம் ஆண்டு மௌனத்தைத் தாண்டி ஒரு கோடு இழுக்க வலுவான சான்று இல்லை. சீயூ கதைக்கு இன்று பெரும் அரசியல் மதிப்பு உண்டு. வம்சாவளிச் சான்றாக அது நிற்காது.

வேலி உண்மையாகவே கட்டப்பட்டது மிங், சிங் காலங்களில். வரி கட்டி, பதிவேட்டில் ஏறியவர்கள் 'வெந்த மியாவ்'. ஏறாதவர்கள் 'பச்சை மியாவ்'. (பச்சை என்பது இங்கே நிறமல்ல, வேகாத பச்சை.) இரு சாராரையும் பிரிக்க மேற்கு ஹுனானில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் அரசு எழுப்பிய நெடுஞ்சுவரின் எச்சங்கள் ஃபெங்ஹுவாங் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன. சிங் அதிகாரிகள் உடை நிறத்தைப் பார்த்துக் கருப்பு மியாவ், சிவப்பு மியாவ், வெள்ளை மியாவ், பூ மியாவ் என்று பிரித்தார்கள். அவர்கள் வரைவித்த பட ஏடுகளில் குய்சோவில் மட்டும் 82 வகைகள் வருகின்றன. முற்றிலும் வேறு மொழி பேசும் புயி மக்களும் அவற்றில் மியாவாகவே நிற்கிறார்கள். அடங்காத மலைக்குடி எதுவானாலும் எழுத்தர் கைக்கு எளிதாக வந்த சொல் அதுவாக இருந்தது. 1720களில் யோங்செங் பேரரசர் காலத்து ஆளுநர் ஓர்தாய், உள்ளூர்த் தலைவர்களை நீக்கி அதிகாரிகளை அமர்த்தத் தொடங்கியதும் நிலமும் வரியும் பூசலாயின. 1735-36, 1795-1806, 1854-73 என மூன்று பெருங்கிளர்ச்சிகள் வெடித்தன. கடைசியதை ஜாங் ஷியூமெய் நடத்தினார். ஹ்மோங்கியர் வியட்நாம், லாவோஸ் மலைகளுக்குள் இறங்கியதற்கு இந்த நெருக்கடிகள் பெரிய காரணம்.

சரி, மொழிக்குடும்பமாவது இவர்களை ஒன்றாக்குமே என்று கேட்கலாம். ஹ்மோங்-மியன் என்ற குடும்பம் மெய்யானதே. சீன அறிஞர் பலர் அதைச் சீன-திபெத்தியத்துள் வைத்தாலும் வெளியுலக மொழியியலாளர் பெரும்பாலோர் தனிக்குடும்பமாகவே கொள்கின்றனர். ஆனால் அந்தக் குடும்பத்தின் எல்லையும் இனப்பெயரின் எல்லையும் ஒத்துப்போவதில்லை. ஹைனான் தீவில் மியாவ் என்று பதிவானோர் பேசுவது யாவ் மக்களின் மியன் கிளை மொழி. குவாங்ஷியின் புனு மக்கள் ஹ்மோங் கிளை மொழி பேசுகின்றனர். அரசுப் பதிவிலோ அவர்கள் யாவ். மொழிதான் அளவுகோல் என்றால் இரு சாராரும் இடம் மாறியிருக்க வேண்டும்.

பண்பாட்டின் உள்ளே நுழைந்தால் இது இன்னும் தெளிவாகும். ஹ்மோங் சாவு வீட்டில் கேங் ஊதுவார்கள். நீண்ட கழுத்துள்ள மரக் குடுவையில் செருகிய ஆறு மூங்கில் குழல்கள். மூச்சை விட்டாலும் இழுத்தாலும் ஒலிக்கும், அதனால் ஓசை அறாது. ஊதுபவர் குனிந்து சுழன்று நடக்கிறார். மேலோட்டமாகக் கேட்பவருக்கு அது இசை. மொழியோ தொனி மொழி. ஓர் அசையின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும். அந்த ஏற்ற இறக்கங்களைக் குழல்கள் ஏந்துவதால் கேங் சொற்களையே பேசுகிறது. பழகிய காது அதை வாக்கியமாகக் கேட்கும். அது பேசுவது இறந்தவருக்கு: வாழ்ந்த ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய், பிறந்த வீட்டில் புதைத்த நஞ்சுக்கொடியை எடுத்து அணிந்துகொண்டு முன்னோரிடம் செல் என்று. நஞ்சுக்கொடிக்கு அவர்கள் வழக்கில் பெயர் 'சட்டை'. ஆண் குழந்தையுடையதை நடுத்தூணருகேயும், பெண் குழந்தையுடையதைப் பெற்றோர் கட்டிலின் கீழும் புதைப்பது மரபு. கவனிக்க வேண்டியது அந்த வழியைத்தான். ஓர் ஆள் கடந்து வந்த ஊர்களின் வரிசை அது. 'மியாவ் நாடு' என்ற ஒன்று அதில் எங்கும் வருவதில்லை. பெண்களின் பாவாடைப் பட்டைகள் மஞ்சளாற்றையும் யாங்சி ஆற்றையும் குறிக்கும் என்ற வழக்கைப் பொது வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. இடம்பெயர்ந்த நினைவுக்கு அது சான்று. யார், எப்போது, எந்த ஆற்றைக் கடந்தார் என்பதைத் துணி சொல்லாது.

எழுத்து வந்த கதையும் அப்படியே. மத போதகர் சாமுவேல் போலார்டு 1905 வாக்கில் ஆ-ஹ்மாவுக்காக உருவாக்கிய எழுத்தில், மெய்யைச் சுற்றி உயிர்க்குறி நிற்கும் உயரமே தொனியைக் காட்டும். 1950களின் தொடக்கத்தில் லாவோசில் போதகர்கள் அமைத்த ரோமன் முறையில் ஹ்மோங் என்று எழுதினால் கடைசியில் ஒரு 'பி' வரும். அது ஒலிக்காது, உயர்ந்த தொனி என்று மட்டும் சொல்லும். 1959இல், படிப்பறியாத உழவரான ஷொங் லூ யாங் பாஹா என்ற தனி எழுத்தைப் படைத்தார். அதில் முதலில் உயிர், பிறகு மெய். 1971இல் அவர் கொல்லப்பட்டார். சீனாவிலோ, 1956இல் குய்யாங்கில் கூடிய மாநாடு மியாவுக்கு எழுத்து வகுக்க முனைந்தபோது ஒன்று போதவில்லை, நான்கு தேவைப்பட்டன. ஒரே இனம் என்று அறிவித்த அரசே கொடுத்த சாட்சி இது.

அப்படியானால் அந்தப் பெயர் வெறும் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. 1956இல் தென்கிழக்குக் குய்சோவில் மியாவ்-தொங் தன்னாட்சி மாவட்டம் அமைந்தபின், பள்ளி இட ஒதுக்கீடு, பதவி, திருவிழா எல்லாம் அப்பெயரில் வந்தன. படித்தவர்கள் அதைப் பெருமையோடு ஏற்றார்கள். எல்லைக்கு அப்பால் நடந்தது வேறு. வியட்நாமியத்தில் இப்பெயரின் வடிவமான 'மேயோ' பூனையையும் குறிக்கும். தாய் மொழியில் பூனைக்கும் இவர்களுக்கும் இடையே தொனி மட்டுமே வேறுபாடு. (தமிழ்க் காதுக்கும் இந்தப் பெயர் பூனையையே நினைவூட்டும்.) லாவோசில் ஹ்மோங் அறிஞர் யாங் தாவோ போன்றோர் அந்தப் பெயரை இழிசொல் என்று தள்ளி ஹ்மோங் என்பதை நிலைநாட்டினார்கள். 1961 முதல் 1975 வரை வாங் பாவோ தலைமையில் அமெரிக்க உளவுத்துறைக்காகப் போரிட்டுப் பின்பு செயின்ட் பாலிலும் ஃப்ரெஸ்னோவிலும் குடியேறியவர்கள் அந்தப் பெயரோடுதான் போனார்கள். யுன்னானின் வென்ஷானில் உள்ள அவர்களின் உறவுக்கிளையினர் அதே மொழியைப் பேசுகிறார்கள். அடையாள அட்டையில் மியாவ், அடுப்பங்கரையில் ஹ்மோங்.