சிறுத்தொண்டர் நிஜமா, கதையா?

நாயன்மார்கள் நிஜமாகவே வாழ்ந்தவர்களா என்று பெங்களூரில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' என்றோ, 'எல்லாம் கட்டுக்கதை' என்றோ சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் கணக்கு தனி.

சிறுத்தொண்டரை எடுத்துக்கொள்வோம். திருச்செங்காட்டங்குடி பதிகத்தில் சம்பந்தர் அவர் பெயரைச் சொல்லியே பாடுகிறார். ஆக, இருவரும் சமகாலத்தவர். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார், இவர் படையோடு போய் வாதாபியை அழித்தவர் என்கிறார். வாதாபி வேறெங்கும் இல்லை, நம்ம கர்நாடகத்து பாதாமிதான். முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் 642 வாக்கில் அதைப் பிடித்ததற்கு அங்கேயே பாறையில் கல்வெட்டு இருக்கிறது. இதை வைத்துத்தான் சம்பந்தரை 7ஆம் நூற்றாண்டில் நிறுத்துகிறார்கள்.

ஒரு இடம் மட்டும் இடிக்கிறது. சேக்கிழார் அந்த மன்னன் பெயரைச் சொல்லவில்லை. எழுதியதும் சுமார் 500 வருடம் கழித்து. வவுச்சர் ஒரு வருடம் தாமதமானாலே ஆடிட்டர் விடமாட்டார்!

மாணிக்கவாசகருக்கு இந்த அளவு சாட்சியும் இல்லை. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் வெளிப்படையாக இல்லை. சம்பந்தருக்கு முந்தியவர் என்பார் சிலர். திருக்கோவையாரில் வரகுணபாண்டியன் வருவதால் 9ஆம் நூற்றாண்டு என்பார் பலர். அந்த வரகுணனிலும் இருவர் உண்டு. ஆனால் திருவாசகம் கையில் இருக்கிறதே, பாடியவர் ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும்?

பிள்ளைக்கறி கதை? அதற்குக் கல்வெட்டு தேடிப் பயனில்லை. ஆள் இருந்தார் என்பது சரித்திரம். அற்புதம் நடந்தது என்பது நம்பிக்கை. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதாமல் இருந்தால் போதும். பிள்ளைகளுக்குப் பக்தியும் குறையாது, புத்தியும் மங்காது.